தக்கே ராசா கதை சொன்ன வெள்ளிக்கிழமைகள்

18.01.2025, சனி

பொங்கல் பானையின் அடிக்கரி இன்னும் போகவில்லை. சாம்பலும் தேங்காய்த் தும்பும் வைத்து நாலு நாளாகத் தேய்க்கிறேன். என் கைதான் தேய்கிறது.

டிலானி ஆறு மணி பஸ்ஸில் கண்டியிலிருந்து வந்தாள். அண்ணன் மகள். பெற்றது பாலம்மா மதினி, வளர்த்தது நான். மதினி கொழுந்து பறிக்கப் போனதும் இவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் என் மடியில்தான் கிடப்பாள். நான் அங்கே ஆயா. இப்போது இருபத்திநாலு வயசு. சனிக்கிழமை தவறாமல் ஜப்பான் பாஷை படிக்கப் போகிறாள். சோதனை பாஸானால் அந்த நாட்டில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைக்குமாம்.

பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தை, எங்க சேர் ஒரு ராசா கதை தொடங்கிருக்காரு. அவரு வேல பாத்த ஊருல கெழவங்க சொல்ற கதையாம். ஜப்பான்லயே மெதுவா சொல்லுவாரு, நாங்க கேட்டு எழுதணும்."

ராசாவின் பேர் தக்கெஹாரு. என் வாய்க்கு வரவில்லை. தக்கே ராசா என்று வைத்துக்கொண்டேன். அவர் கோபிக்க மாட்டார்.

பதினாலு வயசில் அவருடைய அப்பாவைப் பக்கத்து மலை ராசா வெட்டிப் போட்டாராம். வீட்டுக் கொடி தூக்கும் ஆள் ஒருவர் இவரைக் கரிச் சாக்குக்குள் திணித்து, முதுகில் சுமந்து, எதிரிகள் நடுவிலேயே நடந்து தப்ப வைத்தாராம். சாக்குக்குள் இருமல் வந்தால் என்ன செய்திருப்பார்? டிலானிக்குத் தெரியவில்லை. சேர் சொல்லவில்லையாம். இதையெல்லாம் சொல்ல வேண்டாமா ஒரு வாத்தியார்?

24.01.2025, வெள்ளி

கோயிலில் பூசை முடிந்து சுண்டல் கைக்கு வருவதற்குள் பெண்கள் சும்மா இருந்தால் ஊர் வம்புதான். அதனால் ஆறு வருசமாக வெள்ளிக்கிழமை தோறும் நான் ஒரு சாமி கதை சொல்வேன். இன்றைக்கு வாயைத் திறக்கும் முன்பே மூக்காயி கையை நீட்டிவிட்டாள். நானும் அவளும் ஒரே நாளில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தவர்கள், அந்த உரிமை.

"லெச்சுமி, பழைய கதைன்னா இப்பவே சொல்லிரு. நான் போயி அரிசிய ஒலையில போட்டுட்டு வர்றேன்."

ரோசத்தில் தக்கே ராசாவை எடுத்துவிட்டேன். சாக்கு, கரி, எதிரி, எல்லாம். நாற்பது பெண்களும் அசையவில்லை. "புள்ளைக்கு மூச்சு முட்டுமேடி, ஓட்டை கீட்டை போட்டாங்களா?" என்று கேட்டது மூக்காயிதான். போட்டார்கள் என்றேன். நானே போட்ட ஓட்டை அது.

அம்மன் முன்னால் வேற்று நாட்டு ராசா கதை சொன்னது தப்போ? விளக்கு அணையவில்லை. தப்பில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

26.01.2025, ஞாயிறு

மார்ச் இருபத்திமூன்றில் கோயில் பொதுக்கூட்டம். அண்ணன் ராஜலிங்கம் பத்தொன்பது வருசமாகத் தலைவர். தகரக் கூரையைக் கழற்றிக் கோபுரம் வைத்தவர். தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர். இந்த முறை எதிர்த்து ஒருவர் நிற்கிறார்: இஸ்கூல் வாத்தியார் நிரஞ்சன். முப்பது வயசுகூட ஆகாது. அவருக்குப் பின்னால் சந்திக்கடை வேலாயுதம் இருக்கிறார். அவருக்கு அண்ணன் மேல் கோபம் போன திருவிழாவில் பிடித்தது. வேலாயுதத்தின் அப்பா முப்பது வருசமாகக் கரகம் எடுத்தவர். போன வருசம் "கை நடுங்குது பெரியவரே, போதும்" என்று எல்லாரும் பார்க்க அண்ணன் கரகத்தை வாங்கி வேறொருவர் தலையில் வைத்துவிட்டார்.

அண்ணனுக்குப் பயமில்லை. இந்த வருசம் பெண்களும் ஓட்டுக்குக் கை தூக்கலாம் என்று அவரே சட்டம் மாத்தினார். "ஒன் நாப்பது கை போதும் லெச்சுமி. நீ தூக்குனா அவளுக தூக்குவாளுக."

"அதுக்கென்னண்ணே" என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

07.02.2025, வெள்ளி

போன சனிக்கிழமை டிலானி கொண்டுவந்த பங்கை இன்று சொன்னேன். தக்கே ராசா வளர்ந்து, முப்பது பேரோடு வெள்ளத்தில் இறங்கி, குதிரைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டி ஆற்றைக் கடந்து, அப்பாவின் மலையை மீட்டாராம். சனங்களோடு உட்கார்ந்து தினைக் கஞ்சி குடிப்பாராம். பஞ்சம் வந்த வருசம் யாரும் வரி நெல் அளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அப்புடி ஒருத்தரு இருந்தா கால்ல விழலாம்" என்றார்கள். "எங்க அண்ணனும் அப்புடித்தான்" என்றேன் நான். மூக்காயி "ஆமாமா" என்று சொல்லி சுண்டலில் தேங்காய்ப் பல் தேடினாள். அதில் தேங்காய் நிறையவே இருந்தது.

11.02.2025, தைப்பூசம்

தக்கே ராசா பேருக்கு ஒரு அர்ச்சனை கேட்டேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். "எந்த லயத்து வீடு?" என்றார். முழித்தேன். சாமி பேருக்கே செய்துவிட்டார்.

15.02.2025, சனி

டிலானி இன்று கதையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன்.

ராசா கையில் இப்போது மூன்று மலை. பாறை மேல் கோட்டை. கூடக் கஞ்சி குடித்தவர்கள் இப்போது கீழ்ப்படியில் நின்று பேச வேண்டுமாம். கரிச் சாக்கில் சுமந்த அந்த ஆள் கிழவராகி இன்னும் கொடி தூக்கிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் சேனை முன்னால் ராசா அந்தக் கொடியை வாங்கி ஒரு இளவட்டம் கையில் கொடுத்துவிட்டார். "உனக்கு நடை தளர்ந்துவிட்டது" என்றாராம்.  கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன கிழவர் பிறகு வரவேயில்லை.

"இதச் சொல்லாதீங்க அத்தை" என்றாள்.

ஏன் சொல்லக் கூடாது? கதைதானே.

21.02.2025, வெள்ளி

சொன்னேன்.  வேலாயுதம் வீட்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் கதை அவ்வளவு நன்றாக இருந்தது என்று ஒரு பெருமை எனக்கு.

செருப்பு மாட்டும்போது மூக்காயி இடித்தாள். "சரியான ஆளுடி நீ. நேரா சொல்லாம ஜாடையிலயே அண்ணனத் தூக்கிப் போட்டுட்டியே."

"என்னடி ஒளர்ற? அது ஜப்பான் ராசா."

"ஜப்பான் ராசாதான். கதிரையில சாஞ்சிக்கிட்டு, வெத்தலய ஒதுக்கிக்கிட்டு, 'போதும் பெரியவரே'ன்னாருன்னு சொன்னியே. அந்தக் கதிர யாருட்டு? நம்ம மண்டபத்துல தலைவருக்குன்னு கெடக்குறதுதான?"

வீட்டுக்கு வந்ததும் டிலானியைக் கேட்டேன். ஜப்பானில் அந்தக் காலத்தில் கதிரையே கிடையாதாம், பாயில்தான் உட்காருவார்களாம். வெற்றிலையும் இல்லை. நான் எங்கேயிருந்து கொண்டுவந்தேன்? சொல்லும்போது கண் முன்னால் தெரிஞ்சிச்சே! அம்மா தாயே, நான் வேணும்னு செய்யலயே. வேணும்னு செஞ்சேனா?

22.02.2025, சனி

அண்ணன் காதுக்குப் போய்விட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கோயில்ல வச்சி என்னையக் கத சொல்றியாம்."

"கற்பூரம் அடிச்சிச் சத்தியம் பண்றேண்ணே. ஒங்கள நெனச்சி ஒரு வார்த்தை சொல்லல."

டிலானி கொப்பியை எடுத்து வந்து காட்டினாள், ஏதோ கோழி கிளறினாற்போல எழுத்து. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

இனிமேல்தான் தெரியும் என்றோம்.

"தெரிஞ்சா மொதல்ல என்கிட்ட சொல்லு. அங்க இல்ல."

27.02.2025, வியாழன்

நேற்று சிவராத்திரி விரதம், இன்றுதான் சோறு. 

சாப்பிட உட்கார்ந்ததும் அண்ணன் சொன்னார். "டிலானிய வேலாயுதம் மகன் சுரேசுக்குக் குடுக்குறேன். பேசியாச்சு. கூட்டம் முடிஞ்ச கையோட வெத்தல மாத்திக்கலாம்."

மதினி என்னைப் பார்த்தார். டிலானி சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

"சுரேசு நல்ல பையன்தானே" என்று அண்ணனே சொன்னார். "வேலாயுதம் இனி நம்ம பக்கம். அவனுக்குத் தலைவர் வீட்டுச் சம்பந்தம் கெடைக்குது. எனக்கு அந்த லயத்துக் கை பூராவும் கெடைக்குது. கரகப் பேச்சும் அதோட முடிஞ்சிரும். இந்த ஜப்பான் போறதெல்லாம் போதும்."

பொண்ணக் குடுத்துப் பகையத் தீக்குறது. எனக்குத் தெரியாத விசயமா?

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியில் ஒரு தடவைகூட எழுதியதில்லை. எனக்குப் பத்தொன்பது வயசு. அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கங்காணி வீட்டோடு பகை. பகை தீர என்னைக் கொடுத்தார். போனேன். என்னைக் கட்டியவர் நல்ல மனுசன். விடியும் முன்னே எனக்குக் குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்துவிடுவார், யாரும் பார்த்தால் கேலி செய்வார்கள் என்று ஒளித்து வைப்பார். மூன்று வருசம். பிறகு ஒரு திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று மறுபடி சண்டை. அண்ணன் வேன் கொண்டுவந்தார். "ஏறு" என்றார். ஏறினேன். என்னைக் கட்டியவர் ரோட்டில் நின்றார். ரெண்டு வருசம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்வி. அந்த வேன் வந்து முப்பத்திமூன்று வருசம் ஆகிறது.

ஏறுன்னா ஏறணுமா? அப்ப அந்தக் கேள்வியே எனக்கு வரலியே.

01.03.2025, சனி

"இன்னைக்குக் கதை இல்ல அத்தை" என்றாள். பொய். கொப்பியில் ரெண்டு பக்கம் எழுதியிருந்தது.

"சொல்லு."

"வேணாம்."

"நீ சொல்லலன்னா நான் அந்தச் சேருக்கே போன் பண்ணுவேன்."

சொன்னாள். ராசாவுக்கு ஒரே தங்கச்சி. ஏரிக்கு அந்தப் பக்கத்து ராசாவோடு சமாதானம் வேண்டும் என்று அவளைக் கட்டிக்கொடுத்தார். நாலு வருசம் சண்டை இல்லை. அப்புறம் அந்த ஏரிக்கரையும் வேண்டும் என்று ஆசை வந்து, படகில் போய் அந்த வீட்டையே எரித்தார். தங்கச்சியை மட்டும் கூட்டி வந்தார். அவள் தலையை மழித்துக்கொண்டு, கோட்டைக்கு எதிர் மலையில் ஒரு கோயிலில் போய் இருந்துவிட்டாள். அண்ணன் மாசாமாசம் அரிசியும் துணியும் குறையாமல் அனுப்புவாராம்.

குறையாமல். அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன்.

07.03.2025, வெள்ளி

கதை சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றும் இல்லை.

09.03.2025, ஞாயிறு

அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். முப்பது வருசத்தில் அவர் எதிரே நின்று இவ்வளவு நேரம் பேசியது இதுதான்.

"அண்ணே, டிலானிக்கு இஷ்டமில்லண்ணே."

"இஷ்டம் என்ன இஷ்டம். ஒன்னைய நான் இஷ்டம் கேட்டா அனுப்புனேன்?"

 பிறகு குரலைத் தாழ்த்தி, "கூட்டியாந்து வச்சிருக்கேன்ல. ஒரு நாள் கொறை வச்சிருக்கேனா? சொல்லு."

வைக்கவில்லை. வருசம் மூணு சேலை. காய்ச்சல் என்றால் கண்டி வரைக்கும் கூட்டிப்போய் ஆஸ்பத்திரி. அவர் கேட்டது நியாயம்.  அப்புறம் இவ்வளவு கோபம் மட்டும் எங்கிருந்து வருகிறது?

டிலானி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க கேட்டதே போதும் அத்தை" என்றாள். போதாது.

15.03.2025, சனி

டிலானியை அண்ணன் கண்டிக்கு அனுப்பவில்லை. "கல்யாணப் பொண்ணு பஸ்ல அலையக் கூடாது." இன்றைக்குத்தான் கதை முடிகிற நாள். கெலிஓயாவில் இருக்கும் அவள் வகுப்புக் கூட்டாளி ஜஹானாவிடம் போனில் கேட்டேன், நானே கேட்டேன். பிள்ளை பொறுமையாகச் சொன்னது.

"ஆன்ட்டி, அக்கம்பக்கத்து மலை ராசாமாரெல்லாம் ஒண்டா சேந்து வந்து கோட்டையச் சுத்தி வளைச்சிட்டாங்க. கொடி புடிச்ச அந்த வயசாளிட மகன்மார் கதவத் தொறந்து விட்டுட்டாங்களாம். தக்கெஹாருக்கு மலைக்கு அங்கால கூட்டாளிப் படை ஒண்டு ஈக்கிது. எதிர் மலையில தீ வெச்சாத்தான் அவங்க வருவாங்க. தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பினார், தீ வெய்யின்டு."

"வச்சாளா?"

"வெக்கல்ல ஆன்ட்டி."

விடியும் வரைக்கும் ராசா அந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வெளிச்சம் வந்ததும் குளித்து, வெள்ளை உடுத்தி, ரெண்டு வரி பாட்டு எழுதி வைத்துவிட்டுத் தன் வாளாலேயே உயிரை விட்டார். நாற்பத்தியொன்பது வயசு.

"ஏன் வைக்கல?"

"நானும் சேர்கிட்ட கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியாதாம். அவ ஒண்டும் சொல்லல்லயாம், மவுத்தாகும் வரைக்கும்."

தற்கொலை பாவம் என்று படித்திருக்கிறேன். இருந்தாலும் அவருக்கு ஒரு விளக்கு வைத்தேன். அந்தச் சாக்குக்குள் இருந்த பிள்ளைக்கென்று நினைத்து வைத்தேன்.

16.03.2025, ஞாயிறு

விறகு ஈரமாக இருந்திருக்கும். மலையுச்சி, மாரிகாலம். இங்கேயே ஐப்பசியில் அடுப்பு மூட்ட அரை மணி ஆகும். அல்லது காற்று. அல்லது ஆளனுப்பியது அவளுக்கு வந்து சேரவேயில்லை. அல்லது -

முதலில் தன்னிடம் சொல்லச் சொன்னாரே, சொன்னேன். அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் சவர்க்கார நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் வைக்கலயாம்?"

"யாருக்கும் தெரியாதாம்ணே."

"தெரியாம எப்படி? கூடப் பொறந்தவ." கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். கத்தியைத் தண்ணீரில் அலசினார். "கூட்டத்துல நீ பொம்பளைங்களுக்கு முன்னால உக்காரு. எல்லாருக்கும் தெரியுற மாதிரி தூக்கு."

"சரிண்ணே."

சரி என்றுதான் சொன்னேன். நினைத்ததும் சரி என்றுதான்.

23.03.2025, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். பிறகு மாறிப்போகும்.

மண்டபம் நிறைந்துவிட்டது. ஆண்கள் வலப்பக்கம், நாங்கள் இடப்பக்கம். முன்னால் நான். மூக்காயியின் மருமகள் தேத்தண்ணி ஊற்றப் போகும்போது எட்டு மாசப் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எந்தப் பிள்ளையும் என்னிடம் வந்தால் தூங்கிவிடும். இதுவும் தூங்கிவிட்டது. தலை என் வலது கையில்.

செயலாளர் எழுந்தார். "ராஜலிங்கம் ஐயா பக்கம் உள்ளவங்க கை தூக்குங்க."

வலப்பக்கம் கைகள் எழுந்தன. வேலாயுதம் எழுந்து நின்றே தூக்கினார். எனக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தமும் இல்லை. எல்லாக் கண்ணும் என் முதுகில். அண்ணன் என்னைப் பார்த்தார். பயமே இல்லாத பார்வை, வீட்டில் தண்ணீர் கேட்கும்போது பார்ப்பாரே, அது.

வலது கையில் பிள்ளை. இடது கையை அம்மன் முன்னால் தூக்குவதா? எங்கள் அம்மா இடது கையால் விபூதி எடுத்தாலே அடிப்பாள். தூக்கக் கூடாது. அதனால் -

"இன்னும் யாராச்சும்?" என்று செயலாளர் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். அண்ணன் முகம் மாறியது. முதலில் கோபம் இல்லை. புரியாத முகம். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாத்திக்க" என்று வாயசைத்தார். சத்தம் வரவில்லை, ஆனால் எனக்குத் தெரிந்தது.

நிரஞ்சன் பக்கத்துக் கைகளையும் எண்ணி முடித்தார்கள். ஒன்பது கை வித்தியாசத்தில் அண்ணன் தோற்றார்.

அவர் எழுந்து கோயில் சாவிக் கொத்தை ரெண்டு கையாலும் நிரஞ்சனிடம் கொடுத்தார். நிரஞ்சன் காலைத் தொடக் குனிந்தார். அண்ணன் தொட விடவில்லை. யாரையும் பார்க்காமல் நடந்து போனார். குடையை மறந்துவிட்டுப் போனார், மழை பெய்தது.

முப்பது வருச ஆயா நான். தூங்குற புள்ளைய முழிக்காம கை மாத்த எனக்குத் தெரியாதா?

24.03.2025, திங்கள்

அண்ணன் சாப்பிடவில்லை. மதினி என்னோடு பேசவில்லை.

மூக்காயி பிள்ளைக் காம்பராவுக்கு வந்தாள். "நீ தூக்காம நாங்க எப்புடிடி தூக்குறது? அன்னைக்குக் கதையச் சொன்ன, இன்னைக்குப் புள்ளைய வச்சிக்கிட்டு ஒக்காந்த. சரி, ஜாடை காட்டுறான்னு நெனச்சோம்."

"நான் ஒண்ணும் காட்டல."

"காட்டாமயே தெரியுது லெச்சுமி."

எது தெரியுது? எனக்கே தெரியலயே. டிலானிக்காகவா? அப்படியென்றால் நான் நல்லவள். அந்த வேனுக்காகவா? அப்படியென்றால் நான் யார்? அண்ணன் போட்ட சோறு இந்த உடம்பில் இருக்கிறது. கதிரையில் சாய்ந்த ராசாவைப் பார்த்த கண்ணுக்குக் கரிச் சாக்கில் இருந்த பிள்ளை ஏன் தெரியாமல் போனது? அப்பா செத்தபோது அண்ணனுக்கும் பதினாறு வயசுதான். என்னைத் தோளில் வைத்துக்கொண்டுதான் சுடுகாட்டுக்குப் போய் வந்தார்.

அம்மா தாயே, இதைப் பாவக் கணக்கில் எழுதுவாயா, எதில் எழுதுவாய்?

30.03.2025, ஞாயிறு

வேலாயுதம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சுரேசுக்கு இப்போது நேரம் சரியில்லையாம், அடுத்த வருசம் பார்க்கலாமாம். அண்ணன் "நல்லது" என்று மட்டும் சொன்னார். ஆள் போனபிறகு வெகு நேரம் சந்திக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அவர் மகளோடு இல்லை, தலைவர் பட்டத்தோடுதான் என்று அவருக்கு இன்றைக்குத்தான் விளங்கியதோ?

டிலானி பின்வாசலில் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. எனக்கு ரெண்டும் வரவில்லை.

05.04.2025, சனி

டிலானி கண்டி பஸ் ஏறினாள். போ என்று யாரும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

பதின்மூன்று நாளுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசினார்.

"புள்ள தூங்கிருச்சின்னு சொன்னியாமே."

"ஆமாண்ணே."

"ம்."

அவ்வளவுதான். கேட்டுவிட்டார், இனி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். எது உண்மை என்று தெரியாததால் மூடிக்கொண்டேன்.

14.04.2025, வருசப் பிறப்பு

கோயிலுக்கு அண்ணன் வரவில்லை. கதை கேட்டார்கள், தக்கே ராசா என்ன ஆனார் என்று. செத்துப்போனார் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

02.05.2025, வெள்ளி

திருவிழா. பரிவட்டம் நிரஞ்சன் தலையில். கரகம் மறுபடியும் வேலாயுதத்தின் அப்பாவுக்கே. கூட்டத்தோடு கூட்டமாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் கடைசியில் வந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். எனக்குப் பார்க்க முடியவில்லை, அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடையிலிருந்து ஏறும் வழுக்கலில் பெரியவருக்குக் கால் தடுமாறியது. கரகம் சாய்ந்தது. "ஐயோ" என்றது சனம். அதற்குள் யாரோ பெரியவரின் முழங்கையைப் பிடித்துவிட்டார்கள். பார்த்தால் அண்ணன்.

"மெதுவா பெரியவரே. நான் புடிச்சிருக்கேன்."

"கை நடுங்குதுப்பா."

"நடுங்கட்டும்."

கோயில் வாசல் வரைக்கும் அப்படியே வந்தார். உள்ளே வரவில்லை. அன்னதானத்தில் பந்தியில் உட்கார்ந்தார், சோறு வைத்தது நான். "போதும்" என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன். தின்றார்.

18.05.2025, ஞாயிறு

கம்பளையிலிருந்து ஒரு தரகர் வந்தார், டிலானிக்கு மாப்பிள்ளை ஜாதகத்தோடு. பையன் ஆஸ்பத்திரியில் வேலை. அண்ணன் கண்ணாடியைப் போட்டு ஜாதகத்தைக் கடைசி வரைக்கும் படித்தார். நான் கதவோரம் நின்றுகொண்டு முருகா முருகா என்றிருந்தேன்.

"அவளுக்கு அடுத்த மாசம் சோதனை இருக்கு" என்றார் அண்ணன். "அது முடியட்டும். அப்புறம் அவகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்."

தரகர் சிரித்தார். "ஒங்க வீட்டுல ஒங்க பேச்சுக்கு மறுபேச்சா தலைவரே!"

"தலைவரு கோயில்ல இருக்காரு" என்றார் அண்ணன். ஜாதகத்தை மடித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற லெச்சுமி?"

எனக்கு ஐம்பத்தைந்து வயசு. அந்த வீட்டில் ஒரு விசயத்துக்கு என்னிடம் அப்படிக் கேட்டது இதுதான் முதல். ஏதாவது சொல்லியிருக்கலாம். நாள் முழுக்கப் பேசுகிறவள் நான். "அடுப்புல பால் பொங்கிரும்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

பால் வைக்கவே இல்லை. அங்கேயே நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று ஒரு கரண்டியை எடுத்துச் சும்மா சட்டியில் தட்டினேன்.